ஒன்பது வெற்றுக் கட்டங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கழுத்து வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் கம்ப்யூட்டர் புண்ணியத்தில் வந்தது. ரேடியேட்டர் திறக்கும்போது சுட்டுக்கொண்டாயே, அந்தக் கை ஆறிவிட்டதா? உன் மனைவிக்குத் தையல் வேலை வருகிறதா? சிட்டு அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

உன் டிப்போ போனைச் சுற்றி எப்போதும் நாலு காது இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நம் பஸ் கழகத்துக்கு இருக்கும் பதினொரு டிப்போக்களில் இரண்டை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எந்த இரண்டு என்பதை ஆட்களைப் பார்த்து முடிவு செய்யக்கூடாதாம், கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டுமாம். தலைமை அலுவலகத்தில் அந்தக் கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது.

கணக்கு இதுதான். காலையில் பஸ் டிப்போவிலிருந்து முதல் நிறுத்தத்துக்கு ஆளில்லாமல் ஓடுகிறதல்லவா, அந்தக் காலி ஓட்டம் மொத்தமும் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும். ஆனால் ஒரு ரூட்டும் விட்டுப்போகக் கூடாது; எந்த டிப்போவிலும் இடத்துக்கு மேல் பஸ் நிற்கக் கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு ரூட், பதினொரு டிப்போ. கையால் போட்டால் என் ஆயுசு போதாது. இதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு டிப்போவிலிருந்தும் ஒவ்வொரு ரூட்டின் முதல் நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் என்று கொடுத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பாலத்தடி டிப்போவின் தூரப் படிவம் மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் கிளார்க்கிடம் சொல்லி அனுப்பச் சொல். எனக்கு நேராக அனுப்ப வேண்டாம், ஆபீஸ் வழியாகவே வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இல்லாவிட்டால் லீவு போடு, இரண்டில் ஒன்றைக்கூட நீ செய்யமாட்டாய் என்று தெரியும்.

படிவம் போய்விட்டது. எங்கள் கிளார்க் 'கண்ணாடி' தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து நானும் கூட உட்கார்ந்தேன். மெக்கானிக்குகளில் எனக்குத்தான் எல்லா ரூட்டும் அத்துப்படி. இரண்டு நாள் பஸ்ஸுக்கு அடியில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எங்கள் டிப்போ தப்புமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊர் தள்ளி ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். மார்ச் முடிவதற்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனசில்லை. சிட்டு இப்போதுதான் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள். உன் தம்பி மனைவிக்கு இந்தத் தெருவிலேயே இருபது வீட்டு அளவு தெரியும், புது இடத்தில் யார் அவளை நம்பித் துணி கொடுப்பார்கள்?

ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கழுத்து தேவலை. லீவு போடவில்லை, நீ சொன்னது சரிதான்.

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். பதில் எழுதக் கூடாது என்பதுதான் விதி. முடிவு வெளிவரும்வரை யாரிடமும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முந்தாநாள் காலை பத்து மணிக்குக் கணக்கை ஓட விட்டேன். அது ஓடுகிறதா, உறைந்துவிட்டதா என்றுகூடத் தெரியாது. திரையில் ஒரு எண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். என் பக்கத்து மேசைக்காரர் இரண்டு தடவை டீ வாங்கி வந்தார், இரண்டும் ஆறிப்போயின. மூன்றேகாலுக்கு எண் அசையாமல் நின்றது. 'உகந்த தீர்வு கிடைத்தது' என்று ஒரு வரி.

இதற்கு மேல் எழுதக் கூடாது. ஆனாலும் நீ என் தம்பி. குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு எங்கேயும் போகாதே. உன் டிப்போவுக்கு ஒன்றும் ஆகாது.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.
அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று சொன்னால் போதாது, வீட்டில் எல்லோர் முகத்திலும் களை வந்திருக்கிறது. நீயும் அதே மாதிரி இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கிடங்கு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முதலாளிக்குக் கோபம். "இந்த மாதிரி வாய்ப்பு இன்னொரு தடவை கதவைத் தட்டாதுப்பா" என்றார். "எங்க கதவு நல்லா உறுதியாத்தான் இருக்கு சார்" என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவள் அடக்க முடியாமல் சிரித்தாள்.

உன் கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போடச் சொல்லி இவளிடம் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியிடம் மட்டும் சொன்னேன். பாவம், அவர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார், தூக்கமில்லாமல் இருந்தார்.

கோடை விடுமுறைக்கு வா. சிட்டு அத்தை எங்கே என்று கேட்கிறாள்.
தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமா? விடுமுறைக்கு வர முடியவில்லை, சிட்டுவிடம் நான் சொன்னதாகச் சொல்லிச் சமாதானப்படுத்து.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் டிப்போவிலிருந்து மேட்டு ரூட்டுகளுக்கு எப்போதாவது பஸ் போயிருக்கிறதா? அந்தக் கிடங்கு வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களா?

சீக்கிரம் எழுது.
அக்கா

மே 27

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை.

மேட்டு ரூட் ஒன்பதுக்கும் மேட்டு டிப்போ பஸ்தான் போகும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் நீள வண்டிகளைத் திருப்ப முடியாது. எங்கள் டிப்போ பஸ் ஒன்றுகூட அங்கே ஓடியதில்லை. படிவத்தில் அந்த ஒன்பது கட்டத்துக்கு என்ன போடுவது என்று கண்ணாடி கேட்டார். "விட்டுடுங்க" என்றேன். போகாத ஊருக்கு ஏது தூரம்?

கிடங்கில் ஆள் சேர்த்துவிட்டார்கள். ஏப்ரல் பத்தாம் தேதியே.

ஏன் கேட்டாய்? மறைக்காமல் எழுது. இவள் உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவரின் நலமும் எனக்கு முக்கியம். இதைப் படித்த பிறகு நீ அதை நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

மே பதினேழாம் தேதி அறிக்கையை முடிக்கும் சமயத்தில் ஒரு சரிபார்ப்புச் செய்தேன். ஒவ்வொரு டிப்போவிலும் ஒரே ஒரு பஸ் நிற்கும் இடம் கூடுதலாகக் கிடைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று மென்பொருளைக் கேட்டேன். பொருளாதாரத்தில் இதற்கு நிழல் விலை என்று பெயர். எல்லா டிப்போவுக்கும் சின்னச் சின்ன எண். உங்கள் டிப்போவுக்கு மட்டும் மற்றவை எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டாத எண். அங்கே தங்கமா விளைகிறது?

உங்கள் படிவத்தை எடுத்து விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது கட்டம் காலி. வெற்றுக் கட்டத்தை மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் டிப்போவுக்கும் மேட்டு ரூட்டுகளுக்கும் இடையே தூரமே இல்லை, பஸ்ஸைக் கிளப்பினால் அங்கே போய் நிற்கும் என்று நம்பிவிட்டது. அதனால்தான் மேட்டு டிப்போவையும் சந்தை டிப்போவையும் மூடச் சொன்னது. சாலை வரைபடத்தையும் மேட்டு டிப்போவின் படிவத்தையும் வைத்து அந்த ஒன்பதையும் நிரப்பித் திரும்ப ஓட விட்டேன். மேட்டு டிப்போ தப்பியது. மூட வேண்டியவை சந்தை டிப்போவும், உங்களுடையதும்.

காலியாக இருப்பதை முதலிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். அது என் தவறு, உன்னுடையதல்ல.

மே இருபதாம் தேதி, உனக்கு அந்தச் சின்னக் கடிதத்தைப் போட்ட மறுநாள், இயக்குநரிடம் போனேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கும், இப்ப உங்களுக்கும் சார்."

"உங்க தம்பி எந்த டிப்போ?"

"பாலத்தடி."

பேனாவை மூடி வைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் வந்தீங்களாம்மா?"

"மூணு நாளா வேற எதையும் யோசிக்கல சார்."

உன் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் திருத்திய கணக்கைக் கொடுக்கமாட்டேன் என்று என்மேலேயே பயம். மேட்டு டிப்போவை மூடியிருந்தால் அங்கே முதல் பஸ் கிளம்பவே காலை ஒன்பது மணியைத் தாண்டியிருக்கும். அங்கிருந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் ஆறு மணி பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்று அவர்கள் படிவத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கட்டங்களை நீ தெரிந்தே விட்டாயா?

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே சிட்டு மட்டும் நலம்.

இவர் உங்களுக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார், அவ்வளவுதான். பத்தாம் தேதி டிப்போவை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்தால் "ம்" என்கிறார். சிட்டுவிடம் மட்டும் பேசுகிறார்.

தொழிற்சங்கம் புகார் கொடுத்ததில் அறிக்கைமேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். போன வாரம் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். கண்ணாடி அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் போலிருக்கிறது. "உங்க அக்கா எழுதின லெட்டர் இருக்காமே? முடிவு வர்றதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்களுக்குச் சொல்லியிருக்காங்கன்னு விசாரணையில காட்டினாப் போதும். மொத்த அறிக்கையும் செல்லாது. டிப்போ தப்பிச்சிடும்" என்றார்.

"கிழிச்சாச்சு" என்றார் இவர்.

"நெஜமாவா?"

"கிழிச்சாச்சுன்னு சொன்னேன்ல?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணி, அந்தக் கடிதம் கிழியவில்லை. நான் கிழிக்கவில்லை. எங்களுக்கு நல்ல காலம் என்று சொன்ன கடிதத்தை எப்படிக் கிழிப்பது என்று தையல் பெட்டியில் அடியில் போட்டு வைத்தேன். இவருக்கு இது தெரியாது. செயலாளர் திரும்ப வருவார். அறுபத்து மூன்று குடும்பம் அந்த டிப்போவில் இருக்கிறது. எதிர்வீட்டு டிரைவர் மனைவி இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, துணியும் கொடுப்பதில்லை. "உன் நாத்தனார்தானே செஞ்சா?" என்று குழாயடியில் கேட்டாள்.

பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீங்களே சொல்லுங்கள் அண்ணி, நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
தம்பி மனைவி

ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. சிட்டுவுக்கு என் முத்தம்.

நீ என்னைக் கேட்காமலேயே அதைக் கொடுத்திருக்கலாம். கேட்டாயே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன். அந்தக் கடிதம் என் வேலையைக் காலி செய்யும். அறிக்கையும் நிற்காமல் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு வேறொருவர் அதே கணக்கைப் போடுவார். ஒன்பது தூரமும் நிரம்பிய பிறகு யார் போட்டாலும் பதில் மாறாது. உங்களுக்கு ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் கிடைக்கும். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் வீட்டில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று நானே சொல்லப் போகிறேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும். அதன் பிறகு உன் இஷ்டம். எனக்காக நீ யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம்.

தம்பியிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் கிளம்பி வந்து தடுப்பான், அல்லது வரமாட்டான். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

விசாரணையில் நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும். நீளமான அறை, நான்கு ஜன்னலும் மூடியிருந்தன. விசாரணை அதிகாரி வயதானவர், மெதுவாகப் பேசினார். அவர் கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். மார்ச் இருபத்து நான்காம் தேதி என் தம்பிக்குக் கடிதம் எழுதினேன், அவன் டிப்போவுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதினேன், எழுதக் கூடாது என்று தெரிந்தே எழுதினேன்.

அவர் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார்.

"உங்க தம்பி ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இது. படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

"'என் அக்கா இந்தக் கணக்கு பற்றி எனக்கு எந்தக் காலத்திலும் எதுவும் எழுதியதில்லை. அப்படி ஒரு கடிதமே கிடையாது.' கீழே கையெழுத்து." என்னைப் பார்த்தார். "இப்ப ரெண்டு பேர்ல யாரும்மா பொய் சொல்றது?"

இரண்டு மாதமாக எனக்கு ஒரு வரி எழுதாதவன் எனக்காக எழுதிய வரி அது. நான் சும்மா இருந்திருந்தால் நீ தப்பித்திருப்பாய். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், தம்பி. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். "அவன் என்னைக் காப்பாத்தப் பார்த்திருக்கான் சார். நான் சொன்னதுதான் நெஜம்" என்றேன்.

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எழுதாவிட்டாலும் உங்கள் நலத்தை உன் மனைவி இரண்டு வரியில் தெரிவிக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

வெளியிலிருந்து ஒரு கல்லூரிக் கணித ஆசிரியையை வரவழைத்து, எல்லாத் தூரங்களையும் புதிதாக அளந்து வாங்கி, அதே மென்பொருளில் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். நான் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் அவரைப் பார்த்தபோது, "உங்க ரெண்டாவது விடைதான் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

என்னைக் கணக்கீட்டுப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அச்சுப் பிரிவில் பஸ் நேர அட்டவணைக்கு எழுத்துப் பிழை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கிடையாது. கழுத்து வலி போய்விட்டது.

உனக்குக் கொடுத்த தண்டனை என்னவென்று எனக்குச் சொல்ல எல்லோரும் மறுக்கிறார்கள்.

அக்கா

அக்டோபர் 21

அக்காவுக்கு,

எனக்கு ஜலதோஷம். மேட்டு டிப்போவில் எப்போதும் பனி. ஆமாம், இங்கேதான் போட்டிருக்கிறார்கள். பொய் வாக்குமூலத்துக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, பிறகு இந்த இடமாற்றம். கண்ணாடியை எங்கோ தெற்கே போட்டார்கள். அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு வேறு டிப்போவில் இடம் கிடைத்தது. ஐந்து பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு டிரைவரும் அதில் ஒருவர். இவளும் சிட்டுவும் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் கீழே இறங்கிப் போகிறேன்.

உன் கேள்விக்கு இத்தனை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம், அதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பஸ் ஒன்றுகூட மேட்டில் ஓடியதில்லை என்று எழுதியது உண்மைதான். ஆனால் தூரம் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் பழுதான பஸ்ஸை இழுத்துவர மீட்பு வண்டியில் வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர். கண்ணாடி அந்தக் கட்டங்களைக் காட்டிக் கேட்டபோது, "எண்ணைப் போட்டா அந்த மெஷின் நம்ம வண்டிங்களை மேட்டுக்கு அனுப்பிடும் சார். அந்த வளைவுல ஏறி இறங்குற வண்டிக்கு பிரேக் பார்த்தே நான் செத்துடுவேன். விட்டுடுங்க" என்றேன். மேட்டு வேலை நம் தலையில் விழக் கூடாது என்றுதான் விட்டேன். அந்த ஒன்பது ரூட்டையும் உன் மெஷின் எங்கள் தலையிலேயே கட்டும் என்று நான் கண்டேனா? அதனால் டிப்போ தப்பிக்கும் என்றும் சத்தியமாகத் தெரியாது. நீ அதைத் தெரிந்தே விட்டாயா என்று கேட்டபோது, வேலைக்குப் பயந்து விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திருடன் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, சோம்பேறி என்று நினைக்கக் கூடாது என்று இருந்தேன். என்ன புத்தி இது?

வாக்குமூலத்தில் பொய் எழுதியதற்கு வருத்தமில்லை. நீ போய் உண்மையைக் கொட்டுவாய் என்று உள்ளுக்குள் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுக்கும் வார்த்தை என் கையெழுத்தின் மேலே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிப்போ போனதற்கு எனக்கு உன்மேல் கோபமில்லை. இங்கே ஆறு மணி பஸ் கிளம்பும்போது நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் நான்கு பேர். அதில் ஒரு அம்மா ஏறுவதற்கு முன்னால் தினமும் என்னிடம், "பிரேக்கெல்லாம் சரியாப் பாத்துட்டியாப்பா?" என்று கேட்கிறார். பார்த்துவிட்டேன் என்று சொன்னால்தான் படியில் கால் வைப்பார். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை குனிந்து பார்க்கிறேன்.

கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. உன் இயக்குநருக்குச் சொன்ன பிறகுதானே எனக்குச் சொன்னாய்? ஒரு நாள் முன்னால் எனக்குச் சொல்லியிருந்தால் நான் உன்னைத் தடுத்திருப்பேன் என்று நினைத்தாய். தடுத்துத்தான் இருப்பேன். கத்தியிருப்பேன், உன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குப் பிறகும் நீ போயிருப்பாய். ஆனால் அந்தக் கத்தலுக்கு எனக்கு உரிமை உண்டா இல்லையா?

வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு, காலை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன். நீயும் வா. இவளிடம் சொல்லிவிட்டேன். உன்னோடு போட வேண்டிய சண்டை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது, கடிதத்தில் அடங்காது.

தம்பி